தாமோதரனார் இருவர்

புறநானூற்றின் 170ஆம் பாட்டைப் பாடியவர் தாமோதரனார். 172ஆம் பாட்டைப் பாடியவரும் தாமோதரனார். இரண்டும் குதிரைமலைத் தலைவன் பிட்டங்கொற்றனைப் பற்றியன. இடையில் நிற்பது காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனாரின் ஒரே பாட்டு. புலவர் பெயர் ஒன்று, பாடப்பட்டோன் ஒருவன், ஏட்டில் இருப்பிடமும் ஏறக்குறைய அடுத்தடுத்து. பாடியவரும் ஒருவரே என்று முடிவு கட்ட இதனினும் வேறு என்ன வேண்டும்? ஆயினும் பாட்டின் அடியில் பழையோர் எழுதி வைத்த குறிப்பு நம்மைத் தடுக்கிறது. முன்னவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். பின்னவர் வடம வண்ணக்கன் தாமோதரனார். ஒருவர் நோய்க்கு மருந்து கண்டவர். மற்றவர் பொன்னையும் காசையும் மாற்றுப் பார்த்தவர்; வண்ணக்கன் என்பார் நாணயத்தின் நன்மை தீமை ஆராய்வோர்.

மருத்துவன், வண்ணக்கன் என்னும் இவ்விரு சொற்களும் உதிர்ந்திருக்குமாயின் என்ன நேர்ந்திருக்கும்? தாமோதரனார் ஒருவரே எஞ்சியிருப்பார். மற்றவர் பிறந்ததும் வாழ்ந்ததும் பாடியதும் இல்லையாகியிருக்கும். ஓலையில் இடம் அரிது. எழுத்தாணிக்கு உழைப்பு மிகுதி. அத்தகைய காலத்தில் ஓர் எளிய புலவனுக்காக மூன்று நான்கு எழுத்தைக் கூடுதலாகக் கீறி வைத்தவர் நம் முன்னோர். அச்சுப்பொறியும் தாளும் மலிந்த இந்நாளில் நாமோ அவ்வெழுத்துகளை மேடையிலும் பாடநூலிலும் ஆண்டு மலர்களிலும் உதிர்த்து வருகின்றோம். அதனால் புகழ்பெற்ற ஒருவர் மேலும் மேலும் வளர, அவர் பெயரைத் தாங்கிய சிறியோர் பலர் அவர் நிழலில் கரைந்து போகின்றனர். இதுவே எம் குற்றச்சாட்டு. இதனைத் தமிழன்பர் முன் சற்று விரிவாகவே வைக்க விழைகின்றோம்.

சங்கப் பாடல்கள் 2381 என்றும், பெயர் தெரிந்த புலவர் 473 பேர் என்றும் கணக்குச் சொல்வது வழக்கம். இந்த 473 பேரின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். இது புலவர் பட்டியலா, ஒரு பேட்டையின் வாக்காளர் பட்டியலா என்று ஐயுறத் தோன்றும். சாத்தனார் எத்தனை பேர்! சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், அழிசி நச்சாத்தனார், மோசிசாத்தனார், பிரான் சாத்தனார், வடவண்ணக்கன் பேரிசாத்தனார். கண்ணனாரும் கீரனாரும் பூதனாரும் நாகனாரும் இவ்வாறே பலர். வெண்ணாகனார் என்ற பெயருக்கு முன் ஓரிடத்தில் மதுரைக் கொல்லன் என்றும், மற்றோரிடத்தில் மதுரைப் பொற்கொல்லன் என்றும் உள்ளது. அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். எழுத்தாளன் சேந்தம்பூதனார் என்றொருவர் உண்டு. நாள் முழுதும் கோப்புகளில் எழுதிப் பிழைக்கும் எம்போன்றார்க்கு, அந்த ‘எழுத்தாளன்’ என்னும் அடைமொழியைக் காணுந்தோறும் உள்ளம் குளிரும்.

மர்பி டவுனில் வாழ்வோர்க்கு இது புதுமையன்று. எம் தெருக்களில் முனுசாமி என்று கூப்பிட்டால் நான்கு வீட்டுக் கதவு திறக்கும். ஆதலின் எம்மவர் மில் முனுசாமி என்பர். பாண்டு முனுசாமி என்பர். டிப்போ முனுசாமி என்பர். மில் மூடிப் பல்லாண்டு ஆனாலும், அவர் மகன் மகளும் மில் முனுசாமி பிள்ளைகளாகவே அறியப்படுவர். இது படிப்பில்லாதார் வழக்கு என்று எள்ளி நகைப்போர் உளர். அறுவை வாணிகன் இளவேட்டனாரும் வண்ணக்கன் தாமோதரனாரும் இவ்வழக்கால் பெயர் பெற்றவர்களே. மதுரைத் தெருவும் எம் தெருவும் மனிதரைப் பிரித்தறிந்த முறை ஒன்றே. அன்றியும், எம் பேட்டையின் பெயரிலேயே இக்குழப்பம் உள்ளது. கண்டோன்மென்ட் காலத்துப் பொறியாளர் ஒருவரின் பெயரால் அமைந்தது மர்பி டவுன். எம் இளைஞர் சிலரோ பழைய மர்பி ரேடியோக் கம்பெனியின் பெயரென்று எண்ணிக் கொண்டிருக்கின்றனர். பாவம், பொறியாளர் மர்பிக்கு அடைமொழி இட்டு வைக்க ஒருவரும் இலர்.

சிறியோர் நிலை இவ்வாறாக, பெரும்பெயர் தாங்கியோர் நிலை என்ன? அவர்க்கு நேர்ந்த தீங்கு இன்னும் கொடிது. ஔவையாரையே எடுத்துக் கொள்வோம்.

சங்க நூல்களில் ஔவையார் பெயரால் 59 பாடல்கள் உள. அவற்றுள் 33 புறநானூற்றில். அவற்றில் நாம் காணும் பெண் யார்? அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் நிமிர்ந்து நின்றவள். பகைவேந்தன் ஒருவன் நும் நாட்டில் பொருநரும் உளரோ என வினவுங்கால், அவளை மையுண்ட கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என்றே விளிக்கின்றான். தொண்டைமானிடம் தூது சென்று, அவன் படைக்கலங்கள் நெய் பூசி அழகாய் அடுக்கப்பட்டிருப்பதையும், தன் தலைவன் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒருங்கே கூறி, புகழ்வது போல் இகழ்ந்து வந்தவள். பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது, இசைக்கருவிகளைக் கட்டித் தூக்கிக் கொண்டு, வாயிற்காவலனிடமே சினத்தைக் காட்டி, எத்திசைச் சென்றாலும் எமக்குச் சோறு உண்டு என்று புறப்பட்டவள். அதியமான் மாண்டபின், சிறிதளவு கள் இருந்தால் எமக்கே தருவானே என்று அழுதவளும் அவளே.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, சோழர் காலத்தில் வாழ்ந்தவராகப் பலரும் கருதும் மற்றோர் ஔவையார் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தந்தார். குழந்தைக்கு எழுத்தோடு ஒழுக்கத்தையும் ஊட்டிய பேரறிவாட்டி அவர். அவர் பெருமையை யாம் ஓர் அணுவும் குறைத்துக் கூறோம். அவர்க்குப் பின்னும் விநாயகர் அகவலும் ஔவைக்குறளும் யோக நெறியை உரைத்து வேறொரு குரலில் பேசுகின்றன. ஔவையார் மூவர் என்பாரும் அதற்கு மேற்பட்டோர் என்பாரும் உளர். எத்தனை பேர் என்பதில் அறிஞர் வேறுபடலாம். அதியமானோடு கள்ளுண்ட விறலியும், பிள்ளைகட்கு நீதி உரைத்த மூதாட்டியும் ஒருவரல்லர் என்பதில் ஆராய்ந்தார்க்கு ஐயமே இல்லை.

பொதுமக்கள் கண்ணில் நிற்பவர் எவர்? 1953இல் வெளிவந்த ஜெமினியின் படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் நடித்த நரைமூதாட்டி. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நின்றவரும் அம்மூதாட்டியே. அவர் வந்ததும் விறலி போய்விட்டாள். அவள் யாழும் முழவும் போயின. சினமும் கள்ளும் போயின. கண்ணின் மையும் போயிற்று. இருவரையும் ஒருவராக்கும் பாலமாகப் பயன்பட்டது அதியமான் தந்த நெல்லிக்கனி. அதனை உண்டதால் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தாளாம்! அந்தப் பாட்டில் ஔவை பாராட்டுவது ஆயுளை அன்று. கனியின் ஆற்றலைத் தன் உள்ளத்தே மறைத்து, தான் உண்ணாது அவளுக்கு ஈந்த அதியனின் நெஞ்சை. அதனை விட்டுக் கனியை மட்டும் கையில் எடுத்துக் கொண்டனர் கதை கட்டியோர்.

ஔவை என்பது தாய், மூத்தோள் என்னும் பொருளில் வழங்கும் சிறப்புப் பெயரே. எம்மைச் சூழ்ந்து வாழும் கன்னட மக்கள் இன்றும் தாயை அவ்வ என்றே அழைக்கின்றனர். அம்மையார் என்று அழைக்கப்பட்ட பெண்மணிகள் எல்லாம் ஓரம்மையாரே என்று எவரேனும் சொல்வாரா?

பல்லோரை விழுங்கிப் பருத்த பெயர் அத்துடன் நிற்பதில்லை. பிறர் செயலையும் விழுங்கும். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரை அழைத்துக் கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று, மணந்து கொள்க என வேண்டி, மறுக்கப்பட்டு மனம் நொந்தவர் கபிலர். புறநானூற்றில் 200, 201, 202ஆம் பாட்டுகள் இதற்குச் சான்று. நண்பனின் பெண்மக்களுக்காக அரசர் வாயில்தோறும் நின்ற அந்த அந்தணனின் துயரம் தமிழில் நிகரற்றது. பிற்காலக் கதையிலோ அம்மகளிர்க்கு மணம் முடித்து வைத்தவர் ஔவையார்! கபிலர் பட்ட பாடு எங்கே போயிற்று? ஊரார் அறிந்த பெயருக்கு உரிமையாயிற்று.

கபிலர்க்கு நேர்ந்தது இஃதொன்றே அன்று. சங்கத்திலேயே தொல்கபிலர் என்று வேறொருவர் உளர். இன்னா நாற்பது ஒரு கபிலருடையது. பதினோராம் திருமுறையில் கபிலதேவ நாயனார் இருக்கிறார். அங்கே நக்கீரதேவ நாயனாரும், பரணதேவ நாயனாரும், கல்லாடதேவ நாயனாரும் வரிசையாக வீற்றிருக்கின்றனர். சங்கப் புலவரே சிவனடியாராகிப் பாடினர் என்று இன்றும் சிலர் உரைக்கின்றனர். கபிலதேவர் பாடியது மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை. மூத்த நாயனார் என்பவர் பிள்ளையார். சங்க நூலில் பிள்ளையார் வழிபாட்டைக் காண்டல் இயலாது. இரட்டை மணிமாலை வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வருவது. கட்டளைக் கலித்துறை என்னும் யாப்பைக் குறிஞ்சிப்பாட்டு பாடிய கபிலர் கண்டதே இல்லை. பெயரைப் பார்த்தவர்கள் யாப்பைப் பார்க்கவில்லை. இதனால் சங்கக் கபிலர்க்குக் கேடொன்றும் இல்லை என்று கூறலாம், அவர் பெரியவர். கேடு வந்தது பின்னவர்க்கே. கபிலதேவ நாயனார் எவ்வூரினர், எவர் மகன், எப்போது வாழ்ந்தார் என்று தேடும் எண்ணமே எவர்க்கும் தோன்றாதவாறு முன்னவர் புகழ் வாயிலை அடைத்துவிட்டது. கல்லாடர் நிலையும் அதுவே. சங்கப் புலவர் ஒருவர், திருமுறையில் ஒருவர், கல்லாடம் என்னும் நூலுக்கு ஒருவர், தொல்காப்பியத்திற்கு உரை கண்டார் ஒருவர். நால்வரையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்து போகிறோம்.

இவர்கள் அனைவரினும் இரங்கத்தக்கவர் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைப் பாடிய இறையனார். தலைவியின் கூந்தல் மணத்தை வியக்கும் அப்பாட்டு எவ்வளவு மென்மையானது! பெயர் இறையனார் என்றிருந்ததால் அவரை இறைவனே என்றனர். அப்பர் பெருமான் காலத்திலேயே தருமிக்குப் பொற்கிழி அருளிய கதை வழங்கியது; திருவிளையாடற் புராணம் அதனை விரித்தது; 1965இல் திரைப்படம் அதனை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. பக்தியோடு யாம் வழக்காட வரவில்லை. கதை சுவையானதே, நாகேஷ் அவர்களின் தருமியை நினைத்து யாமும் பலமுறை சிரித்துளோம். ஆயினும் இறையன் என்று பெயரிடப்பட்ட ஒரு மானிடப் புலவன், ஒரு மாலைப்பொழுதில் வண்டையும் கூந்தலையும் நினைந்து பாடியிருக்கக் கூடும் என்பதே எம் துணிபு. கடவுளாக உயர்த்தியதன் மூலம் அவனை நாம் மனிதனாக இராதபடி செய்துவிட்டோம்.

அடைமொழியை உதிர்ப்பது ஒரு தீங்கு. அதன் பொருளை மறந்து கதை கட்டுவது மற்றொரு தீங்கு. சீத்தலை என்பது ஊர்ப்பெயர். ஊர் மறந்தது, சீழ் வடியும் தலை என்று பொருள் வந்தது, பிறர் பாட்டில் பிழை கண்டபோதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையைக் குத்திக் கொண்டாராம் சாத்தனார். திருவள்ளுவமாலையில் இக்குத்தலுக்குக் குறளே மருந்து என்று பாடுபவர் மருத்துவன் தாமோதரனார்! பிற்காலத்தில் எவரோ ஒருவர் நகைச்சுவை உணர்வோடு, பழம்பட்டியலில் மருத்துவரைத் தேடிப் பிடித்து அவர் வாயில் இதனை இட்டிருக்கிறார். அவருக்கு அடைமொழியின் அருமை தெரிந்திருந்தது, தெரிந்தே விளையாடினார். பெருந்தலை என்பதும் ஊர்ப்பெயரே என்பர். நல்வினையால் பெருந்தலைச் சாத்தனார்க்குத் தலை பெருத்த கதை ஒன்றும் எம் செவிக்கு எட்டவில்லை.

பாட்டு இருக்கப் பாடியவன் எவனாயினும் என்ன என்று கேட்பார் உளர். பெருந்தன்மை போலத் தோன்றும் இவ்வினாவை யாம் வெறுக்கிறோம். கம்பனைப் பற்றி இவ்வாறு எவரும் கேட்பதில்லை. சிறியவனைப் பற்றியே கேட்கின்றனர். ஒக்கூரில் மாசாத்தனார் என்ற ஆடவரும் மாசாத்தியார் என்ற பெண்டும் பாடினர். கணவனை இழந்தவள், இளமையில் தழையாக உடுத்த அல்லியையே இன்று உணவாகக் கொள்ளும் அவலத்தைப் பாடியவர் மாசாத்தனார். ஒரே மகனையும் தலைவாரிப் போர்க்களத்துக்கு அனுப்பிய மறத்தாயைப் பாடியவர் மாசாத்தியார். கைம்மையின் துயரை ஆண் பாட, மறத்தைப் பெண் பாடினாள் என்பது அறியத் தகுந்த செய்தியன்றோ? பாடியவர் எவராயினும் என்ன என்போர்க்கு ஒக்கூரும் வேண்டா, ஆணும் வேண்டா, பெண்ணும் வேண்டா.

பிரிப்பதிலும் அளவு வேண்டும் என்று அறிஞர் சிலர் எச்சரிப்பர். அது முறையே. தம் காலக் கணக்கு இடிக்கும்போதெல்லாம் ஒரு புலவரை இரண்டாக வெட்டுவோரையும் யாம் கண்டுளோம். மதுரைக் கொல்லனும் மதுரைப் பொற்கொல்லனும் ஒரே வெண்ணாகனாராக இருக்கவும் கூடும்; மணிமேகலை பாடிய கூலவாணிகன் சாத்தனும் சங்கத்துச் சீத்தலைச் சாத்தனாரும் ஒருவரா என்னும் வழக்கும் தீர்ந்தபாடில்லை. தீராத வழக்கில் இருவரையும் தனித்தனியே நிறுத்தி வைப்பதே நேர்மை. சம்பளப் பட்டியலில் ஒரே பெயர் இருமுறை வந்தால் தந்தை பெயரும் பிறந்த நாளும் பார்த்த பின்பே கணக்கர் கை வைப்பார். பெயர் ஒத்தது என்று ஒருவர் ஊதியத்தை மற்றவர்க்குக் கொடுத்துவிட்டால் அவர் வேலை நிலைக்குமா?

பிற மொழியார் இதில் எவ்வளவு விழிப்பாக உள்ளனர்! கிரேக்கரின் இலியட் காப்பியத்தில் அயாக்ஸ் என்னும் வீரர் இருவர். டெலமோன் மகன் ஒருவன், ஓயிலியூஸ் மகன் ஒருவன். நம் ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ போலத் தந்தை பெயரே வேலி. கிரியூசா என்ற பெயரில் மூன்று பெண்கள் உளர். ட்ராய் நகர் எரிந்தபோது காணாமற்போன ஈனியஸின் மனைவி, ஜேசன் மணக்கவிருந்த கொரிந்து மன்னன் மகள், அயோன் என்பவனை ஈன்ற ஆதென்ஸ் அரசகுமாரி. முன்னிருவரும் கதைகளில் சிறு பாத்திரங்களே, தலைவியர் அல்லர். ஆயினும் அவர்தம் அகராதிகள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுத் தனித்தனியே கதை கூறும். அவ்வளவு தொலைவு போவானேன்? எம் பக்கத்து வீட்டுக் கன்னடரைக் கேளுங்கள். பம்ப கவியின் புகழை நாகசந்திரர்க்குச் சூட்ட விரும்பியபோது அபிநவ பம்பர் என்று அடை சேர்த்தே சூட்டினர். நாகவர்மர் இருவரையும் முதலாமவர், இரண்டாமவர் என்று பள்ளிப் பிள்ளையும் பிரித்துச் சொல்லும். கற்பனைப் பெண்டிர் மூவருக்குக் கிரேக்கர் காட்டிய மதிப்பை, உயிரோடு உலவிய நம் புலவர்க்கு நாம் காட்டவில்லை.

நம்மினும் நம் அரசர் இதில் நல்லூழ் உடையோர். பெருவழுதி என்ற பெயர் பாண்டியர் பலர்க்கு உண்டு. வெள்ளியம்பலத்துத் துஞ்சியவன், கானப்பேர் எயில் கடந்தவன், கடலுள் மாய்ந்தவன் என்று இறந்த இடமும் வென்ற இடமும் சேர்த்தே அவர்களை இன்றும் அழைக்கிறோம். இவ்வடைமொழிகளை மேடையில் எவரும் விழுங்குவதில்லை. நாவினிக்க நீட்டி முழக்குகின்றனர். அரசன் செத்த இடத்திற்கு உள்ள மதிப்பு, புலவன் உழைத்துப் பிழைத்த தொழிலுக்கு இல்லையா? கொல்லனும் வாணிகனும் மருத்துவனும் கவி பாடிய மொழி தமிழ் என்பதற்கு இவ்வடைமொழிகளை விடச் சான்று வேறு ஏது? ஆலையிலும் பணிமனையிலும் உழைத்த குடும்பங்கள் நிறைந்த எம் பேட்டையில், தமிழ் அரண்மனைக்கே உரியது என்னும் எண்ணம் பிள்ளைகள் மனத்தில் படிந்துவிடலாகாது என்று அஞ்சியே இவ்வளவும் எழுதினோம்.

சில ஆண்டுகட்கு முன் எம் பகுதியில் நடந்த ஒரு விழாவில், புறநானூற்றுக் காட்சி என்று அறிவித்து, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நரைமுடி ஒட்டி, கோல் ஊன்றி, கூன் போட்டு நிற்க வைத்தனர். எதிரே அதியமானாக நின்ற சிறுவன் அட்டைக் கிரீடத்தோடு நெல்லிக்கனி நீட்டினான். கை தட்டல் வானைப் பிளந்தது. சிறுமி நன்றாகவே நடித்தாள், பிழை அவளுடையதன்று. சங்கத்தார்க்கும் விழாக் குழுவினர்க்கும் யாம் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறிது. அழைப்பிதழிலும் மலரிலும் புலவர் பெயரை ஏட்டில் உள்ளவாறே ஊரோடும் தொழிலோடும் அச்சிடுக. பேச்சுப் போட்டியில் தாமோதரனார் என்று மட்டும் சொல்லும் பிள்ளையை, எந்தத் தாமோதரனார் என்று நடுவர் ஒரு வினா கேட்கட்டும். மாறுவேடத்தில் அதியமான் அவைக்கு வரும் சிறுமிக்கு நரைமுடியும் வேண்டா, கோலும் வேண்டா. கண்ணுக்கு மையும், தண்டில் தூக்கிய இசைக்கருவிப் பையும் கொடுங்கள். நரையும் கோலும் ஆத்திசூடி பாடிய அம்மையார்க்கு உரியன. அவரைத் தனியே, மற்றொரு சிறுமியாக, மேடைக்கு அழையுங்கள்.